கட்டுமான இடத்தில் டீசல், ஆசிட், தின்னர், கரையான் மருந்து கொட்டினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலைகளை மேற்பார்வை பார்க்கிறேன். சைட் மாறினாலும் கொட்டுகிற பொருளும் கொட்டுகிற விதமும் மாறுவதில்லை. ஜெனரேட்டர் அடியில் டீசல், தரை கழுவ வாங்கிய ஆசிட், பாலிஷ்காரர் விட்டுப்போன தின்னர், கரையான் மருந்து, சுண்ணாம்பு. திரும்பத் திரும்ப இவைதான். அதனால் கண்ணில் படுகிற அறிகுறியை வைத்துத் தேடும்படி இதை எழுதியிருக்கிறேன். உங்கள் சைட்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எது கொட்டினாலும் முதல் ஐந்து நிமிடம்

செட்டிநாட்டு வீட்டில் ஓட்டுக்கூரைத் தண்ணீர் முழுவதும் முற்றத்தில் விழும். முற்றத்துத் தூம்பு வழியாகத் தெருக் கால்வாய்க்குப் போகும். பல ஊர்களில் அந்தக் கால்வாய் ஊருணிக்குப் போய்ச் சேரும். மழைநீரை ஒரு சொட்டு வீணாக்காமல் சேர்க்கப் போட்ட அருமையான ஏற்பாடு அது. முற்றத்தில் கொட்டிய டீசலுக்கும் மருந்துக்கும் அதே வழி திறந்துதான் இருக்கிறது.

ஆகவே துடைப்பதற்கு முன்னால் தூம்பை அடைக்க வேண்டும். ஒரு பாலித்தீன் தாளைத் தூம்பு வாயில் விரித்து அதன்மேல் மணல் மூட்டையை வைத்தால் போதும். களிமண் உருண்டையும் உதவும். வீட்டுக்கு வெளியே கொட்டியிருந்தால் சரிவின் கீழ்ப்பக்கம் மண்வெட்டியால் ஒரு சின்ன வரப்பு கட்டுங்கள்.

தூம்பை ஓர் ஆள் அடைக்கும்போதே இன்னொருவர் கேனை நிமிர்த்த வேண்டும் அல்லது வால்வை மூட வேண்டும். பீடி, அடுப்பு, வெல்டிங், கட்டிங் மெஷின் எல்லாம் நிற்க வேண்டும். சித்தாள்களையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் காற்று வருகிற பக்கமாக நகர்த்துங்கள். என்ன கொட்டியது என்பதை லேபிளைப் பார்த்து உறுதி செய்யுங்கள். லேபிள் இல்லாத கேனாக இருந்தால் முகர்ந்து பார்க்க வேண்டாம், வாங்கி வந்தவரைக் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. "ரெண்டு வாளி தண்ணி ஊத்தித் தள்ளி விட்டுடலாம்ணே" என்று யாராவது கட்டாயம் சொல்வார். விடாதீர்கள். தண்ணீர் விட்டால் கொட்டியது காணாமல் போவதில்லை, பரப்பளவு கூடி ஊருணிப் பக்கம் நகர்கிறது. தண்ணீரை உடனே தாராளமாக விட வேண்டியது ஆள் மேல் பட்டால் மட்டும்தான். தோலில், கண்ணில் பட்டால் யோசிக்காமல் ஓடும் தண்ணீருக்குக் கொண்டுபோங்கள்.

## அறிகுறி: ஜெனரேட்டர் அல்லது மிக்ஸர் அடியில் ஈரம், டீசல் வாடை

முதலில் இன்ஜினை நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான சைலன்சர் மேல் டீசல் சொட்டுவது ஆபத்து.

எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி: எல்லாவற்றையும் பழந்துணியால் நன்றாகத் துடைத்து, அடியில் ஒரு அட்டையை விரித்து, டேங்கிலிருந்து இன்ஜின் வரை குழாய் போகிற பாதை முழுக்கச் சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவுங்கள். அரை மணி நேரத்தில் பொடி எங்கே ஈரமாகிறது என்று தெரிந்துவிடும். அட்டையில் விழுந்த சொட்டை மட்டும் நம்பாதீர்கள். டீசல் குழாயின் அடிப்பக்கமாக ஊர்ந்துபோய் வேறு இடத்தில் சொட்டும்.

ஈரம் டேங்க் மூடியைச் சுற்றி மட்டும் இருந்தால்: விளிம்பு வரை நிரப்பியிருக்கிறார்கள். வெயிலில் டீசல் விரிந்து வழிகிறது. கழுத்துக்கு நான்கு விரற்கடை கீழே நிறுத்தச் சொல்லுங்கள். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். சைட்டில் நான் பார்க்கிற டீசல் கசிவில் பெரும்பகுதி இந்த ஒன்றுதான். புனல் இல்லாமல் கேனைச் சாய்த்து ஊற்றுவதையும் இதோடு நிறுத்துங்கள்.

குழாய் இணைப்பில் இருந்தால்: கிளிப்பை இறுக்குங்கள். இறுக்கியும் நிற்கவில்லை என்றால் குழாயின் நுனி கடினமாகிவிட்டது. நுனியை வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். நடுவில் வெடிப்பு இருந்தால் முழுக் குழாயையும் மாற்ற வேண்டும். டேப் சுற்றுவதில் பயனில்லை, டீசல் பட்டால் பசை கரைந்துவிடும்.

ஃபில்டர் கிண்ணத்தில் இருந்தால்: அடியில் உள்ள வடிகால் திருகு, அப்புறம் கிண்ணத்தின் கேஸ்கெட். இரண்டும் விலை குறைந்தவை.

பம்ப் அல்லது இன்ஜெக்டர் குழாயில் இருந்தால்: மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இன்ஜின் ஓடும்போது அந்தக் குழாயில் அழுத்தம் மிக அதிகம். ஊசிமுனைத் துளையிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலை வைத்துத் தேடுவது கூடவே கூடாது. அப்படிப் பட்டுவிட்டால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டேங்க்கின் தையலில் (தகடுகளை ஒட்டிய இணைப்பில்) இருந்தால்: வேலையை நிறுத்திவிட்டு டீசலை வேறு டிரம்முக்கு மாற்றுங்கள். காலியான டேங்க் என்று நினைத்துப் பக்கத்தில் கம்பி வெல்டிங் செய்பவரிடம் கொடுக்காதீர்கள். உள்ளே நிற்கிற ஆவி வெடித்துவிடும். டேங்கைக் கழுவி ஆவி நீக்கி வெல்டிங் செய்யத் தெரிந்த பட்டறைக்கு மட்டும் அனுப்புங்கள்.

தரையில் கொட்டியதற்கு உமி, மரத்தூள், காய்ந்த மணல் மூன்றும் சரி. உமி நம் பக்கம் எளிதாகக் கிடைக்கிறது. ஓரத்திலிருந்து நடுவுக்குத் தூவி, ஊற விட்டு, அள்ளுங்கள். செம்மண் தரையாக இருந்தால் மேலே துடைத்தால் போதாது. வாடை வருகிற மண் முழுவதையும் வெட்டி எடுத்துத் தார்ப்பாய் மேல் குவித்து, மழை படாமல் மூடுங்கள். ஒரு முழம் ஆழம் போயும் வாடை நிற்கவில்லை, அல்லது பக்கத்தில் கிணறோ போர்வெல்லோ இருக்கிறது என்றால், இனி மண்வெட்டி வேலை போதாது. மண்ணையும் நீரையும் பரிசோதிக்கும் ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம் அது.

## அறிகுறி: தேங்கிய நீரில் வானவில் நிறத்தில் பளபளப்பு

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் புகார் அடிக்கடி வரும். வீட்டுக்காரர் போன் செய்து, "பள்ளத்துத் தண்ணியில எண்ணெய் மிதக்குது" என்பார். பதறுவதற்கு முன் ஒரு குச்சியை எடுத்து அந்தப் படலத்தைக் கிளறுங்கள்.

படலம் கண்ணாடித் துண்டுகள் போல உடைந்து, உடைந்தபடியே நின்றால்: அது எண்ணெய் இல்லை. இரும்புச்சத்து உள்ள மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் படலம். நம் செம்மண்ணிலும் செம்புறாங்கல் வெட்டிய பள்ளத்திலும் இது இயல்பு. அடியில் துருநிறச் சகதியும் இருக்கும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

கலைந்த படலம் மறுபடி ஒன்று சேர்ந்தால்: அது எண்ணெய்தான். நீர் வருகிற மேட்டுப் பக்கமாகப் போய் மூலத்தைத் தேடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது சென்ட்ரிங் பலகைகளை, அதாவது கான்கிரீட் வார்க்க அடைக்கும் பலகைகளை. பல சைட்டுகளில் பலகைக்குத் தடவுவது லாரிப் பட்டறையில் வடித்த பழைய இன்ஜின் ஆயில். மலிவு என்பதால் விடமாட்டேன் என்கிறார்கள். பலகையை அடுக்கிய இடத்தில் மழை பெய்தால் அத்தனையும் கழுவிக்கொண்டு வரும். தண்ணீரில் கலந்து தடவும் பலகை எண்ணெய் தனியாகக் கடையில் கிடைக்கிறது. செலவு கொஞ்சம் கூடும்தான். ஆனாலும் ஊருணிக்கு மேல்பக்கம் இருக்கிற எந்தச் சைட்டிலும் பழைய ஆயிலை அனுமதிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த ஆயிலில் இன்ஜின் தேய்மானத்தால் வந்த உலோகங்களும் சேர்ந்திருக்கும்.

பலகை சரியாக இருந்தால், அடுத்து மிக்ஸரின் கியர் பெட்டியைப் பாருங்கள். கறுப்பாகக் கெட்டியாக வடிந்திருந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. அதுவும் இல்லை என்றால் டீசல் டிரம். அதுவும் இல்லை என்றால் மேட்டுப் பக்கத்து வீட்டிலோ தெருவிலோ யாராவது வண்டிக்கு ஆயில் மாற்றியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

நீரில் மிதக்கும் எண்ணெயை எடுக்க, வைக்கோலைப் பழைய கைலியிலோ கோணிச்சாக்கிலோ சுற்றிக் கயிறுபோல் கட்டி, நீர் வெளியேறும் வழியில் குறுக்கே மிதக்கவிடுங்கள். வைக்கோல் எண்ணெயைப் பிடிக்கும், தண்ணீர் அடியில் போகும். ஊறியதும் மாற்றுங்கள். சோப்புத் தூள் போட்டால் பளபளப்பு மறையும். எண்ணெய் மறையாது, நீரோடு கலந்து மீனைக் கொல்லும். சோப்பு வேண்டாம்.

படலம் ஏற்கெனவே ஊருணிக்குள் இறங்கிவிட்டது என்றால் மறைக்காதீர்கள். ஊராட்சியிடமோ பேரூராட்சியிடமோ அன்றே சொல்லுங்கள். அந்தத் தண்ணீரை எடுக்க வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

## அறிகுறி: தரை நுரைக்கிறது, பூ வெளிறுகிறது, மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை

தரையே நுரைத்தால் ஆசிட்தான். வேறு சோதனை தேவையில்லை. இங்குள்ள வீடுகளில் போட்டிருக்கும் பூப்போட்ட தரைக்கல்லான ஆத்தங்குடிக் கல்லின் மேற்பரப்பு சிமெண்டும் வண்ணப் பொடியும் சேர்ந்த மெல்லிய அடுக்கு. கண்ணாடி மேல் வண்ணத்தை ஊற்றி, கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுத்தது. ஆசிட் அந்த அடுக்கைக் கரைத்துவிடும். இத்தாலிய மார்பிளும் அப்படியே. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவர்ப்பூச்சும் சுண்ணாம்புதானே, அதையும் தின்னும்.

எப்படி வருகிறது என்று பார்த்தால், எளிய காரணம் கேனின் மூடி. பழைய குடிநீர்க் கேனில் ஊற்றி வைத்த ஆசிட், சாய்ந்து கசியும். அடுத்தது, பூச்சு வேலை முடிந்ததும் தரையில் ஒட்டிய சிமெண்டை எடுக்கக் கொத்தனார் ஒரு மூடி ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து தேய்ப்பது. இதைத் தடுக்க ஒரே வழி, பூச்சு தொடங்கும் முன்பே தரை முழுக்கச் சாக்கும் அதன்மேல் பாலித்தீனும் விரித்துவிடுவது. மீறி ஒட்டிய சிமெண்டை ஈரத்துணி போட்டு ஊறவைத்து, தட்டையான மரத்துண்டால் நெம்பி எடுக்கலாம். நேரம் ஆகும். தரை மிஞ்சும்.

கொட்டிவிட்டது என்றால்:

கதவு, சன்னல் எல்லாம் திறந்து ஆட்களை வெளியேற்றுங்கள். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்ட ஒருவர் மட்டும் உள்ளே இருக்கட்டும். ஆப்பச் சோடாவை விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் தூவ வேண்டும். நடுவில் மொத்தமாகக் கொட்டினால் பொங்கித் தெறிக்கும். துணி துவைக்கும் சலவைச் சோடாவும் போதும். நுரை நிற்கும் வரை தூவி, நின்றதும் இன்னும் கொஞ்சம் தூவி, நுரை வரவில்லை என்று உறுதியானதும் அள்ளுங்கள். அப்புறம் ஈரத்துணியால் பல முறை துடைத்து, துணியை வாளியில் பிழியுங்கள்.

கையில் இருக்கிறதே என்று கல் சுண்ணாம்பை (நீற்றாத சுண்ணாம்பு) போடாதீர்கள். அது ஆசிட்டை மட்டும் அடக்காது, கொதித்து ஆளையும் சுடும். மரத்தூளும் வேண்டாம், ஆசிட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு வாடையை விட்டுக்கொண்டே இருக்கும். தகர வாளி, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தொட்டி எதிலும் அள்ளாதீர்கள். துத்தநாகத்தோடு சேர்ந்து தீப்பற்றும் வாயு வரும். பிளாஸ்டிக் வாளிதான் சரி.

கல் வெளிறிவிட்டால்? கையால் தடவிப் பாருங்கள். வழவழப்பு இருந்து நிறம் மட்டும் மங்கியிருந்தால், நன்றாகக் கழுவிக் காயவிட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் ஓரளவு மீளும். சொரசொரப்பாகியிருந்தால் வண்ண அடுக்கு போய்விட்டது. கல்லை மாற்றத்தான் வேண்டும். ஆத்தங்குடியில் அதே பூவை இன்றும் செய்து தருவார்கள் என்றாலும், புதுக் கல்லின் நிறம் நூறு வருடம் தேய்ந்த கல்லோடு உடனே ஒட்டாது. இது வீட்டு ஆச்சியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய விஷயம். மூலையிலோ கட்டிலுக்கு அடியிலோ இருக்கும் பழைய கல்லைப் பெயர்த்து நடுவில் போட்டு, புதியதை மூலையில் போடுவது நல்ல வழி.

### வாடை திடீரென்று கடுமையாகி, இருமல் வந்தால்

ஆசிட் மேல் பிளீச்சிங் பவுடர் பட்டிருக்கிறது. பாசி பிடித்த முற்றத்தில் காலையில் ஒருவர் பிளீச்சிங் போடுவார், மதியம் இன்னொருவர் ஆசிட்டோடு வருவார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். இங்கே தூவுவதும் துடைப்பதும் எதுவும் வேண்டாம். எல்லோரும் வெளியே வாருங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனம், தாழ்ந்த இடத்தில் நிற்கும், அதனால் மேட்டுப் பக்கம் போங்கள். யாருக்காவது மூச்சு வாங்கினால் 108. உள்ளே ஆள் மயங்கிக் கிடந்தால் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடுவது உயிர் காக்காது, இரண்டாவது ஆளும் விழுவார். தீயணைப்புக்கு 101 அழைத்து மூச்சுக்கருவியோடு வரச்சொல்லுங்கள்.

## அறிகுறி: தின்னர் வாடை, தலை கனம், கண் எரிச்சல்

பர்மாத் தேக்குத் தூண், நிலை, கதவு எல்லாம் பாலிஷ் போடும் நாட்களில் வரும் தொல்லை இது. தூசி ஒட்டக்கூடாது என்று பாலிஷ்காரர் எல்லாச் சன்னலையும் சாத்திவிடுவார். வாடை வளவுக்குள்ளேயே தேங்கும்.

வாடை மட்டும்தான், கொட்டவில்லை என்றால்: எதிரெதிர்க் கதவுகளைத் திறங்கள். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேர்க்கோட்டில் கதவு வைத்த வீடு, காற்று தானாக இழுக்கும். திறந்தே கிடக்கும் டின் எது என்று தேடி மூடுங்கள்.

டின் கவிழ்ந்திருந்தால்: மின்விசிறியைப் போடாதீர்கள். அணைந்திருக்கும் சுவிட்சைப் போடவும் வேண்டாம், எரிகிற மின்விளக்கை அணைக்கவும் வேண்டாம். சுவிட்சில் வரும் சிறு பொறி போதும். மெயினை வீட்டுக்கு வெளியே நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். சாமி அறையில் விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். இதை மறந்துவிடுகிறார்கள். வேலை நடந்தாலும் வீட்டில் விளக்கு ஏற்றுவதை யாரும் நிறுத்துவதில்லை, அதனால் பாலிஷ் நாளன்று அதிகாலையே ஏற்றி, வேலை தொடங்குமுன் குளிரவைத்துவிடச் சொல்லி ஆச்சியிடம் முதல் நாளே பேசிவிடுவது நல்லது. தின்னர் ஆவியும் கனம், நிலவறை இருந்தால் அதற்குள் இறங்கி நிற்கும். காய்ந்த மணலால் மூடி, பிளாஸ்டிக் சட்டியால் அள்ளி, மூடியுள்ள டின்னில் போட்டு வெளியே நிழலில் வையுங்கள்.

ஐந்து லிட்டருக்கு மேல் கொட்டி, மூடிய அறையாகவும் இருந்தால் நீங்கள் அள்ள வேண்டாம். வெளியே நின்று 101 அழையுங்கள்.

### பாலிஷ் துணிக் குவியல் தொட்டால் சூடாக இருந்தால்

இது ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாத அறிகுறி. ஆளி விதை எண்ணெய் தொட்டுத் தேய்த்த துணிகள் காயும்போது தாமே சூடாகும். குவித்து மூலையில் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல், நெருப்பே காட்டாமல் தீப்பிடிக்கும். ஆட்கள் வீட்டுக்குப் போனபின் ராத்திரியில்தான் பிடிக்கும். சூடான குவியலை வெளியே இழுத்துத் தண்ணீரில் முக்குங்கள். தினமும் வேலை முடிந்ததும் துணிகளைத் தனித்தனியாகக் கொடியில் விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட டின்னில் போட வேண்டும். ஒரு தேக்கு வீட்டுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து எனக்குத் தெரியவில்லை.

## அறிகுறி: சுண்ணாம்பு மூட்டையிலிருந்து ஆவி, அல்லது தொட்டி பொங்கித் தெறிக்கிறது

மூட்டையில் ஆவி வந்தால் கல் சுண்ணாம்பு நனைந்திருக்கிறது. ஓட்டில் ஒழுக்கு இருக்கும். அணைக்கிறேன் என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் இன்னும் கொதிக்கும், சாக்கு தீப்பிடிக்கவும் கூடும். நனையாத மூட்டைகளை முதலில் தள்ளி வையுங்கள். நனைந்ததை மண்வெட்டியால் வெளித்தரையில் பரப்பி ஆறவிடுங்கள். பக்கத்தில் மரம், வைக்கோல், தின்னர் எதுவும் இருக்கக்கூடாது.

சுண்ணாம்பு நீற்றும் தொட்டி பொங்கினால், பெரும்பாலும் கல்லைப் போட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். முதலில் தண்ணீர், அப்புறம் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக. தொட்டியில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். கிளறுபவருக்குக் கண்ணாடியும் நீண்ட பிடியுள்ள கரண்டியும் வேண்டும்.

கண்ணில் தெறித்தால்: ஓடும் தண்ணீரில், இமையை விரலால் விரித்துப் பிடித்து, குறைந்தது இருபது நிமிடம் கழுவ வேண்டும். அழுதாலும் துடித்தாலும் விடாதீர்கள். இமைக்கு உள்ளே சின்னக் கட்டி ஒட்டியிருந்தால் அதுவும் போகும்வரை கழுவுங்கள். தேங்காய் எண்ணெய், தாய்ப்பால், எலுமிச்சை எதுவும் விடாதீர்கள். கழுவிய பிறகு எரிச்சல் குறைந்திருந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். சுண்ணாம்பு கண்ணுக்குள் ஆழமாக இறங்கிக்கொண்டே இருக்கும், அடுத்த நாள் என்பது தாமதம்.

ஈரச் சிமெண்டும் இதே குணம்தான். கம்பூட்டுக்குள் கலவை புகுந்தால் வலி உடனே தெரியாது. சாயங்காலம் கழற்றும்போது தோல் வெந்திருக்கும். உள்ளே ஈரம் பட்டதுமே கழற்றிக் கழுவச் சொல்லுங்கள்.

## அறிகுறி: பால் போல வெள்ளை நீர், மண்ணெண்ணெய் கலந்த கார வாடை

கரையான் மருந்து. அஸ்திவாரத்துக்கும் பழைய சுவரடிக்கும் அடிப்பது பல இடங்களில் குளோர்பைரிபாஸ். தண்ணீரில் கலந்ததும் பால் போலாகிவிடும். கேனில் முக்கோண அடையாளம் இருக்கும்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. கேனை எறியாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது அந்த லேபிள்தான்.

யாருக்காவது வாந்தி, அதிக வியர்வை, எச்சில் வழிதல், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல், தசைத் துடிப்பு இருந்தால்: மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு 108. வருவதற்குள் உடையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். தலைமுடியையும் நகத்தையும் மறக்காதீர்கள். கழுவுபவர் கையுறை போட வேண்டும். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, மோர், உப்புத் தண்ணீர் எதுவும் கொடுக்கவும் கூடாது.

தரையில் மட்டும் கொட்டியிருந்தால்: எந்தக் கட்டத்தில் கொட்டியது என்று பாருங்கள். கலந்த மருந்து என்றால் செறிவு குறைவு. நூற்றுக்கு 20 செறிவுள்ள மருந்து ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் நூற்றுக்கு 1 ஆகிறது. கலக்காத மருந்தே கொட்டியது என்றால் இருபது மடங்கு கவனம் வேண்டும். இரண்டுக்கும் காய்ந்த மண்ணோ மரத்தூளோ தூவி ஊறவிட்டு அள்ளி, இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டி, மேலே மருந்தின் பெயரை எழுதுங்கள். தரையைச் சோப்பு நீர்த் துணியால் துடைத்து, பிழிந்த நீரை அதே மண்ணோடு சேருங்கள். கோழி, நாய், ஆடு அந்தப் பக்கம் வராமல் கயிறு கட்டுங்கள்.

கிணற்றுக்குப் பக்கத்தில் என்றால்: மோட்டாரை நிறுத்துங்கள். இறைத்துக்கொண்டே இருந்தால் மருந்தை நாமே கிணற்றை நோக்கி இழுக்கிறோம். கிணற்றடியில் மருந்து ஊறிய மண்ணை உடனே வெட்டி எடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் மருந்து போகாது. குடிக்க, சமைக்க, மாட்டுக்குக் காட்ட எதற்கும் வேண்டாம். பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் ஆய்வகத்தில் நீர் மாதிரி கொடுத்து, முடிவு வந்த பிறகு முடிவு செய்யலாம். பக்கத்து வீட்டுக் கிணறும் ஒரே ஊற்றாக இருக்கக்கூடும், அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

இப்படி நேராமலிருக்க, மருந்தடிப்பவர் வருமுன்பே வீட்டின் கிணறு, போர்வெல், தூம்பு மூன்றையும் சுண்ணாம்பால் குறியிட்டுக் காட்டுங்கள். கரையான் தடுப்புக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 6313, கிணற்றிலும் ஊற்றிலும் மருந்து கலக்காமல் பார்க்கச் சொல்கிறது. மழை மூட்டமாக இருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

காலிக் கேன்களை எண்ணி வாங்குங்கள். மூன்று முறை அலசி, அலசிய நீரை மருந்துக் கலவையிலேயே சேர்த்து, கேனில் ஆணியால் துளை போட்டுவிடுங்கள். துளை போடாத கேன் அடுத்த வாரமே சைட்டில் குடிதண்ணீர் கொண்டுவரும். இதைப் பார்த்த பிறகுதான் நான் ஆணியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளத் தொடங்கினேன்.

## அறிகுறி: கால்வாயில் சாம்பல் நிற நீர்

மிக்ஸர் கழுவிய தண்ணீர். காரம் அதிகம், ஊருணியில் இறங்கினால் மீனுக்கு ஆகாது, கால்வாயிலும் இறுகி அடைத்துவிடும். ஒரு குழி வெட்டித் தார்ப்பாய் விரித்து அதில் கழுவச் சொல்லுங்கள். தெளிந்த நீரை அடுத்த கலவைக்கே எடுத்துக்கொள்ளலாம். அடியில் இறுகியதை உடைத்து இடிபாட்டோடு அனுப்பலாம்.

## சைட்டில் தயாராக இருக்க வேண்டியவை

ஒரு மூடியுள்ள டிரம்மில்: இரண்டு மூட்டை உமி, நான்கு மணல் சாக்கு, ஐந்து கிலோ ஆப்பச் சோடா, பாலித்தீன் தாள், ரப்பர் கையுறை, கண்ணாடி, பிளாஸ்டிக் சட்டியும் வாளியும், கெட்டிப் பைகள். டிரம் முற்றத்துத் தூம்புக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்தால் சாவி வைத்திருப்பவர் டீக்கடையில் இருப்பார்.

டீசல் டிரம்மை வெறுந்தரையில் நிறுத்தாமல் செங்கல் வைத்து உள்பூச்சு பூசிய தொட்டிக்குள் நிறுத்துங்கள். 200 லிட்டர் டிரம் என்றால் 220 லிட்டர் பிடிக்கும் தொட்டி. மேலே கூரை வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே தொட்டி நிரம்பிவிடும். ஆசிட், பிளீச்சிங், சுண்ணாம்பு மூன்றும் மூன்று வெவ்வேறு அறையில்.

## அள்ளியதை எங்கே கொண்டுபோவது

சைட் மூலையில் புதைப்பது, கண்மாய்க் கரையில் கொட்டுவது, எரிப்பது மூன்றும் கூடாது. சோடா போட்டு அடக்கிய ஆசிட் கழிவு உப்புதான், நுரை முழுவதும் நின்றிருந்தால் சாதாரண இடிபாட்டோடு போகலாம். பழைய ஆயிலும் அது ஊறிய உமியும் அப்படி இல்லை. 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி, பழைய ஆயிலை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். யாரிடம் கொடுக்கலாம் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். மருந்து ஊறிய மண்ணுக்கும் அவர்களையே கேளுங்கள். அதுவரை பைகளைக் கூரையுள்ள இடத்தில், தரையிலிருந்து உயர்த்தி, பெயரும் தேதியும் எழுதி வையுங்கள்.

சமையல் கேஸ் கசிவு என்றால் 1906, தீ என்றால் 101, ஆம்புலன்ஸ் 108, எதுவென்று தெரியாத அவசரத்துக்கு 112. இந்த எண்களை மிக்ஸர் நிற்கிற பக்கத்துச் சுவரில் பெயின்டால் பெரிதாக எழுதிவிடுங்கள். வீட்டின் தெருப் பெயர், கதவு எண், பக்கத்து அடையாளம் மூன்றையும் அதன் கீழே எழுதுங்கள். இங்குள்ள பல வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். வண்டி எந்த வாசலுக்கு வர வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.